பட்டி மூலையில் பச்சைப் பங்கசு: புது இனமா என்று எப்படித் தெரியும்?

கேள்வி: ஐயா, நான் கதிரவெளியில் கச்சான் (நிலக்கடலை) செய்கிறேன். தண்டடியில் வெள்ளை நூல் பிடித்து, கடுகு மாதிரி உருண்டைகள் வைத்து, செடி வாடிச் செத்துப்போகிறது. ஆனால் முன்பு மாட்டுப் பட்டி கட்டியிருந்த மூலையில் ஒரு செடிகூட அப்படிச் சாவதில்லை. அங்கே மண்ணைக் கிளறினால் வேரடியில் பச்சையாகப் பூசணம் தெரிகிறது. கம்பஸில் படிக்கிற மருமகன் போட்டோவைப் பார்த்துவிட்டு, இது யாரும் பெயர் வைக்காத பங்கசாக இருக்கலாம் என்கிறான். புது இனம் என்று பதிவதற்கு என்ன செய்ய வேண்டும்? இதை அவித்த அரிசியில் பெருக்கி மற்றப் பக்கமும் போடலாமா? ஒரு போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன், நன்றாகப் பச்சை பிடித்திருக்கிறது.

பதில்: தம்பி, முதலில் அந்தப் போத்தலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைத் திறக்க வேண்டாம், மணந்து பார்க்க வேண்டாம், கோழிக்கும் போட வேண்டாம். மூடியபடியே ஆழமாகப் புதைத்துவிடுங்கள். காரணம் இதுதான்: கச்சான் மண்ணில் பச்சையாகத் தெரிகிறதெல்லாம் நன்மை செய்யும் பங்கசு அல்ல. அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற ஒன்று கச்சானோடு கூடவே திரியும். அதுவும் மஞ்சள் கலந்த பச்சைதான், அவித்த அரிசியில் அதுவும் செழிப்பாக வரும். அது விடுகிற அப்ளாடொக்சின் நஞ்சு ஈரலைப் பிடிக்கும். சமையல் சூட்டிலும் முழுதாக அழியாது. 1960இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் அளவில் செத்த பிறகுதான் அந்த நஞ்சையே உலகம் கண்டுபிடித்தது. உங்கள் போத்தலில் இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. கண்ணால் பார்த்து இல்லை என்று சொல்லவும் எவராலும் முடியாது.

சரி, நோய்க்கு வருவோம். வெள்ளை நூலும் கடுகு உருண்டையும் என்றால் அது ஸ்கிளரோசியம் ரொல்ப்சி, தண்டடி அழுகல். கத்தரி, தக்காளி, மிளகாய் என்று ஐந்நூறுக்கு மேற்பட்ட பயிர் பச்சைகளில் வரும். அந்த உருண்டைகள் முதலில் வெள்ளையாக இருந்து பிறகு கபிலமாகும். மேல்மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்டைத் தாக்கும் முன் அதற்குத் தின்ன ஏதாவது வேண்டும், உதிர்ந்த இலை, காய்ந்த தண்டு மாதிரி. ஆகவே மண் அணைக்கும்போது சருகுகள் தண்டடியில் புதையாமல் பாருங்கள். செத்த செடியை அடிமண்ணோடு அள்ளி எடுத்து வெளியேற்றுங்கள். அடுத்த போகம் அந்தப் பகுதிக்குச் சோளன் போடுங்கள். இவ்வளவுக்கும் எந்தப் பங்கசின் பெயரும் தெரியத் தேவையில்லை.

இனி அந்த மூலை. பட்டி கட்டின இடம் என்றீர்கள். அங்கே சாணமும் மூத்திரமும் ஊறிய மண்; மணற்பாங்கான மற்றப் பக்கத்தைவிட ஈரம் பிடிக்கும், சத்தும் வேறு. அங்கே அந்த உருண்டைகள் போய்ச் சேராமலும் இருந்திருக்கலாம். பச்சைப் பங்கசுதான் காக்கிறது என்று முடிவு கட்டுமுன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம், வீட்டிலேயே முடியும். மூலை மண்ணில் பாதியை ஈரமாக்கித் துணியில் கட்டி, சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் ஒரு மணித்தியாலம் ஆவியில் அவியுங்கள். மற்றப் பாதியை அப்படியே வையுங்கள். நோய்ப் பக்கத்து மண்ணும் கொஞ்சம் எடுங்கள். மூன்று விதத்துக்கும் ஐந்தைந்து சாடி. எல்லாச் சாடியிலும் கச்சான் ஊன்றி, விதைக்குப் பக்கத்தில் செத்த செடியிலிருந்து பொறுக்கிய உருண்டைகளைப் பத்துப் பத்தாகப் போடுங்கள். அவித்த மண்ணில் இன்னும் இரண்டு சாடியை உருண்டை போடாமல் விடுங்கள், அவித்ததாலேயே செடி கெடவில்லை என்று தெரிவதற்கு. சாடிகளை வயலில் வைக்காமல் சீமெந்துத் தரையில் வையுங்கள்.

அவிக்காத மண்ணில் செடி நின்று, அவித்த மண்ணில் சாய்ந்தால், அந்த மூலையில் உயிருள்ள ஏதோ ஒன்று காவல் செய்கிறது. அது பச்சைப் பங்கசாக இருக்கலாம், பக்டீரியாவாகவும் இருக்கலாம். இரண்டிலும் நின்றால் மருமகனின் பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சாணத்துக்கு நன்றி சொல்லுங்கள். இரண்டிலும் சாய்ந்தால், உருண்டைகள் அந்த மூலைக்குப் போய்ச் சேராததுதான் காரணமாக இருக்கலாம்.

காவல் செய்வது பங்கசு என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது டிரைக்கோடெர்மா சாதியைச் சேர்ந்ததாக இருக்கும்; சாதி என்றால் நெருங்கிய பல இனங்கள் சேர்ந்த கூட்டம். வளர்ப்பூடகத்தில், அதாவது ஆய்வுகூடத்தில் பங்கசு வளர்க்கும் உணவில், முதல் இரண்டு நாள் வெள்ளைப் பஞ்சாகப் படரும், பிறகு வட்டம் வட்டமாகப் பச்சை திரளும். அதில் சில இனங்கள் தேங்காய்ப்பூ மணக்கும். (இதை வாசித்துவிட்டு மூக்கைக் கொண்டுபோய் வைக்காதீர்கள், வித்தி, அதாவது விதை மாதிரிப் பங்கசு பரப்பும் தூள், உள்ளே போகும்.) இந்தச் சாதிக்கு 1794இலேயே பெயர் வைத்தாயிற்று. 1939இல் பிஸ்பி என்பவர் எல்லாவற்றையும் ஒரே இனம் என்று சொல்லிவிட்டார். 1969இல் இந்தோனேசியரான ரிஃபாய் நுணுக்குக்காட்டியில் பார்த்து ஒன்பதாகப் பிரித்தார். இன்று நானூறைத் தாண்டிவிட்டது. மண்ணில் புதிதாக முளைத்தவை அல்ல இவை; வெளியில் ஒரே மாதிரித் தெரிகிறவற்றை டீ.என்.ஏ பிரித்துக் காட்டிவிட்டது. கடையில் ‘டிரைக்கோடெர்மா விரிடி’ என்ற பெயரோடு விற்ற பல பக்கற்றுகளில் இருந்தது வேறு இனம் என்பதும் அப்படித்தான் வெளியே வந்தது.

ஆகவே உங்கள் மருமகன் சொல்வது நடக்காத காரியம் இல்லை. உலகத்தில் இதுவரை பெயர் பெற்ற பங்கசுகள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம்தான். இருக்கக்கூடியவை 22 லட்சத்திலிருந்து 38 லட்சம் வரை என்று 2017இல் கணக்கிட்டார்கள். கைப்பிடி மண்ணில் பெயரில்லாத ஒன்று இருப்பது அதிசயமே இல்லை. அதைத் தனியாக்கி, இதுவரை பெயர் பெற்ற உறவுகள் அத்தனையிலும் இருந்து அது வேறு என்று காட்டுவதில்தான் பாடு.

அதை இப்படிச் செய்வார்கள். ஒரு கிராம் மண்ணைச் சுத்தமான நீரில் கலந்து, திரும்பத் திரும்பப் பத்துமடங்காக ஐதாக்கி, பக்டீரியாவை அடக்கும் மருந்து சேர்த்த ஊடகத்தில் ஊற்றுவார்கள். முளைக்கிற பங்கசிலிருந்து ஒற்றை வித்தியை மட்டும் எடுத்து வளர்ப்பார்கள், கலப்பில்லை என்று உறுதியாக இருக்க. பிறகு வெவ்வேறு வெப்பநிலையில் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிமீற்றர் படர்கிறது என்று அளப்பார்கள். நுணுக்குக்காட்டியில் கிளை பிரியும் விதம், குடுவை வடிவில் நிற்கும் வித்திக் காம்புகள், வித்தியின் நீள அகலம் எல்லாம் பார்ப்பார்கள். வித்தி ஒன்று ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்குதான். ஒன்றிரண்டை அளந்தால் போதாது, முப்பதுக்குக் குறையாமல் அளக்க வேண்டும்.

டீ.என்.ஏயில் எல்லோரும் முதலில் பார்ப்பது ஐ.டீ.எஸ் என்ற பகுதி. 2012இல் பங்கசுகளுக்கு அடையாளப் பகுதியாக அதைத் தெரிவு செய்தார்கள். டிரைக்கோடெர்மாவுக்கு அது மட்டும் போதாது. நெருங்கிய இனங்களில் அது ஒன்றுபோலவே இருக்கும், இன்னும் இரண்டு மரபணுக்களையாவது படித்து வம்சவரிசை போட்டுப் பார்க்க வேண்டும். இணையத்தில் போட்டுப் பார்த்தோம், 98 வீதம் பொருந்துகிறது, அதனால் புது இனம் என்று மாணவர்கள் ஓடி வருவதுண்டு. நான் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. ஒப்பிட்ட பதிவே தப்பான பெயரில் கிடக்கலாம்.

பெயர் வைப்பதற்குச் சர்வதேச விதிக்கோவை இருக்கிறது. காய வைத்த வளர்ப்பு ஒன்றை, அல்லது உயிர்ச்செயல் நின்ற நிலையில் பாதுகாத்த ஒன்றை, அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியாக ஒரு காப்பகத்தில் வைக்க வேண்டும். உயிரோடு வளர்கிற ஒன்று மூல மாதிரி ஆகாது. 2012 ஜனவரியிலிருந்து விவரணை இலத்தீனில் அல்லது ஆங்கிலத்தில் இருந்தால் போதும். 2013 ஜனவரியிலிருந்து, அங்கீகரித்த பதிவகத்தில் எண் எடுக்காத பங்கசுப் பெயர் செல்லாது. இவ்வளவும் முறையாக வெளியிட்ட ஒரு கட்டுரையில் வர வேண்டும். எத்தனை போட்டோ காட்டினாலும் பத்திரிகையில் செய்தி போட்டாலும் அது பெயர் ஆகாது.

மாதிரியைக் காப்பதன் அருமையை எங்கள் இலங்கையே காட்டியிருக்கிறது. கோப்பிச் செய்கையை அழித்த துரு நோய்ப் பங்கசை 1869இல் ஆங்கிலேயப் பங்கசு ஆய்வாளர்களான பெர்க்லியும் புரூமும் விவரித்தது, இங்கேயிருந்து போன காய்ந்த இலைகளை வைத்துத்தான். தோட்டங்கள் தேயிலைக்கு மாறி ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் அதற்கு அவர்கள் வைத்த ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பெயர் அப்படியே நிற்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது மண்ணைச் சரியாக எடுத்துக் கொடுப்பதுதான். மண்வெட்டியை ஸ்பிரிட்டால் துடைத்து, மூலையில் ஐந்தாறு இடத்தில் மேலிருந்து அரை அடி ஆழம் வரை, வேரோடு சேர்த்து எடுங்கள். கலந்து அரைக் கிலோ போதும். நோய்ப் பக்கத்து மண்ணை வேறு பையில், வேறாக. வெயில் படாமல், உறைய விடாமல் இரண்டு நாளுக்குள் கொண்டுபோங்கள். திகதி, போனில் எடுத்த இடக்குறி, முன்பு என்ன பயிர், எப்போது பட்டி எடுத்தது, என்ன மருந்து அடித்தது எல்லாம் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்து விவசாய பீடத்தில் பயிர்நோய் பார்ப்பவர்களைக் கேளுங்கள்; உங்கள் விவசாயப் போதனாசிரியர் வழியாகப் போனால் இன்னும் நல்லது. கொடுக்கும் முன்பே, எடுத்த இடமும் எடுத்தவர் பெயரும் கட்டுரையில் வருமா, வளர்ப்பின் ஒரு பிரதி நாட்டில் நிற்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

பெயர் கிடைத்தாலும் அது மருந்தாகிவிடாது. அதை நோய் மருந்து என்று பக்கற் போட்டு விற்க 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி பீடைநாசினிப் பதிவாளரின் பதிவு வேண்டும். பெயர் கிடைக்காமல் பழைய இனமாகப் போனாலும், சாடிச் சோதனையில் அது நின்றால் உங்கள் வயலுக்கு அதுவே போதும். அப்போதும் பெருக்குவதை ஆய்வுகூடத்தில் அடையாளம் கண்ட சுத்த வளர்ப்பிலிருந்தே செய்யுங்கள்.

மண் கொடுக்கும்வரை அந்த மூலையைக் கிண்டிப் புரட்டாதீர்கள், பங்கசு மருந்தும் ஊற்றாதீர்கள். மருமகனிடம் சொல்லி, சாடிகளில் எந்தச் செடி எந்த நாள் சாய்ந்தது என்பதை மட்டும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.