ஆளில்லாத வழியும் ஊரார் நடக்கும் வழியும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மன்னார்குடிக்கு அருகில் ஒரு சிற்றூரில் சம்பா ஒரு போகம் மட்டும் சாகுபடி செய்துவருகிறேன். சென்ற ஆண்டு நண்பர்களோடு வெள்ளியங்கிரிக்குப் போயிருந்தேன். ஏழு மலைகளையும் ஏறி இறங்கும்வரை முன்னால் சென்றவரின் முதுகைத் தவிர எதையும் பார்த்ததாக நினைவில்லை. கொடைக்கானலிலும் வாகன நெரிசல்தான். எனக்குச் சிகரமும் வேண்டாம், சாகசமும் வேண்டாம். ஆள் நடமாட்டமே இல்லாத பாதைகளில் நடந்து, யாரும் அறியாத மலைக்கிராமங்களைப் பார்க்க விரும்புகிறேன். அறுவடை முடிந்து உளுந்தும் தெளித்தாகிவிட்டால் பங்குனி முழுவதும் ஓய்வுதான். நானும் என் மைத்துனரும் மட்டும் போவதாக எண்ணம். அப்படிப்பட்ட சில ஊர்களின் பெயர்களைத் தர முடியுமா? வழிகாட்டி இல்லாமல் போகலாமா? பிறந்ததிலிருந்து வரப்பிலும் சமதரையிலும் நடந்த கால்களுக்கு மலை ஒத்துவருமா?

அன்புடன்,
ஒரு வாசகர், மன்னார்குடி

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு ஆசைகள் இருக்கின்றன. ஆள் நடமாட்டமே இல்லாத பாதை வேண்டும் என்கிறீர்கள். அது ஒரு கிராமத்தில் போய் முடிய வேண்டும் என்றும் கேட்கிறீர்கள். மக்கள் வாழும் ஊருக்குப் போகும் வழியில் மக்கள் நடக்கத்தான் செய்வார்கள். நம் மலைகளில் உண்மையிலேயே ஆளில்லாமல் கிடக்கும் வழி பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள் செல்வதாகவே இருக்கும். அதில் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காட்டுக்குள் நடக்க விரும்புகிறவர்களுக்காக அரசே 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் திறந்து, முன்பதிவு, உடன்வரும் வழிகாட்டி என்று ஒழுங்குபடுத்தியிருக்கிறது. காட்டையும் முகடுகளையும் பார்க்க நினைப்பவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. நீங்கள் கேட்பது அதுவன்று. வெளியூர்க்காரர் போகாத, ஆனால் உள்ளூர்க்காரர் அன்றாடம் நடக்கிற வழிதான் உங்களுக்கு வேண்டியது: சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும், ஓர் ஊரில் பெண் கொடுத்தவர் மற்றோர் ஊரில் உள்ள சம்பந்தி வீட்டுக்கும் போய்வருகிற வழி. அத்தகைய வழிகள் பட்டா நிலங்களுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே செல்வதால் தொலைந்துபோகும் அச்சமும் குறைவு, கேட்டால் வழி சொல்லவும் ஆள் இருக்கும்.

முதலில் பங்குனியைக் கைவிடுங்கள். டெல்டா விவசாயிக்கு ஓய்வு கிடைக்கிற மாசி, பங்குனி மாதங்களில்தான் மலையில் புல்லும் சருகும் காய்ந்து தீப்பற்றக் காத்திருக்கின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதுவும் மாசிக் கடைசிதான். சரிவில் தீ மேல்நோக்கிப் பரவும் வேகத்துக்கு மனிதரால் ஏறி ஓட முடியாது. அதனால்தான் தீக்காலத்தில் வனத்துறை தன் தடங்களையும் மூடிவிடுகிறது. ஊர்களுக்கிடையிலான வழிகளுக்கு இந்த ஆபத்து குறைவுதான் என்றாலும், ஓடைகள் வற்றி ஊர்க்காரர்களே குடிநீருக்கு அலையும் நேரத்தில் விருந்தாளியாகப் போய் நிற்பது முறையன்று. மார்கழியில் போங்கள். நடவும் களையெடுப்பும் முடிந்து பயிர் கதிர் வாங்கிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில், தண்ணீர் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவர் இருந்தால் மூன்று நாள் வெளியே போய்வரலாம். வங்கக்கடலில் புயல் சின்னம் எதுவும் இல்லையென்று பார்த்துக்கொண்டு புறப்பட வேண்டும். அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே போவது என்பதற்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைவிட நமக்கு அருகில் இருக்கிற பச்சைமலையையும் கொல்லிமலையையும் சொல்வேன். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கித்தான் போக வேண்டும் என்னும் அளவுக்கு நெரிசல் முற்றிய பிறகும், மலை என்றால் நம்மவர்களுக்கு அந்த இரண்டு பெயர்கள்தான் வாயில் வருகின்றன. திருச்சியிலிருந்து துறையூர் போய், அங்கிருந்து சோபனபுரம் வழியாக ஏறினால் பச்சைமலையின் டாப் செங்காட்டுப்பட்டி. வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை நாடு எனச் சில ‘நாடு’களாக, அதாவது மலையூர்களின் தொகுதிகளாக, அந்த மலை பிரிக்கப்பட்டிருக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் மங்களம் அருவியைப் பார்த்துவிட்டு அன்றே இறங்கிவிடுகிறார்கள். கொல்லிமலை இதைவிட உயரம், ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், மேலே 14 நாடுகளாக விரிந்து கிடக்கும் ஒரு மேட்டுநிலம். இங்கும் கூட்டம் முழுவதும் செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் போகிற சாலையோடு நின்றுவிடுகிறது. அந்தச் சாலையிலிருந்து விலகி அரை மணி நேரம் மண்பாதையில் நடந்தால் போதும். பலாவும் மிளகுக்கொடியும் மரவள்ளிக் காடுமாக, மலையாளி எனப்படும், தமிழ் பேசும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஆகாய கங்கையாக விழும் ஐயாறு கிழக்கே புளியஞ்சோலையில் இறங்கி, பிறகு காவிரியில் வந்து சேர்கிறது. ஆற்றை ஒட்டியே புளியஞ்சோலையிலிருந்து மேலே ஏறிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது காட்டுவழி, அதற்கு அனுமதி வேண்டும்.

ஊர்களின் பட்டியலை நான் தரப்போவதில்லை. மலைகளைச் சொன்னேன், நாடுகளைச் சொன்னேன். அதற்குமேல் நீங்களே நடந்து கண்டுகொள்ளுங்கள். வெள்ளகவியை நினைத்துப் பாருங்கள். கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய வழியில் உள்ள அந்த ஊர் நெடுங்காலம் சாலை இல்லாமலே இருந்தது. ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை என்ற செய்தியும் வழியின் அழகும் பரவ, அது மலையேறுவோரின் பட்டியலில் இடம்பிடித்தது. போய்வந்தவர்கள் சாலையில்லாத அழகை எழுதினார்கள்; பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் டோலி கட்டித் தூக்கி இறங்கிய ஊர்க்காரர்கள் சாலை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் அமைதி என்று ரசிப்பதில் ஒரு பங்கு, பேருந்து வராததாலும், மருத்துவர் இல்லாததாலும், இளைஞர்கள் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டதாலும் உண்டானதாக இருக்கக்கூடும். அமைதியை மட்டும் தேடிப் போகிறவருக்கு அந்த ஊரில் செய்ய ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை, பெயர்கூடக் கேட்காமல் படமெடுத்துக்கொண்டு ஒருவர் போனால் நாம் என்ன நினைப்போமோ, அதையேதான் அவர்களும் நினைப்பார்கள்.

உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் விவசாயி, கேட்கவும் சொல்லவும் உங்களிடம் விஷயம் இருக்கிறது. கொல்லிமலையில் பள்ளமான இடங்களில் நெல் விளைகிறது, சரிவுகளில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் நிறைந்திருந்தன. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளியை ரொக்கம் கொடுத்து வாங்கத் தொடங்கியபின் சாமைக்காடுகள் சுருங்கிவிட்டன. ரொக்கம் மட்டும் காரணமன்று: சாமையின் உமி எளிதில் பிரியாது, உரலில் போட்டுக் குத்திக் குத்திப் பெண்களின் கைகள் ஓய்ந்துபோகும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுவந்ததும், பழைய ரகங்களைக் காக்க விதை வங்கிகளை ஊக்குவித்ததும் இதனால்தான். உங்கள் ஊரிலிருந்து ஆதிரெங்கம் வெகு தூரமில்லை. நெல் ஜெயராமன் அங்கே நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதையைக் கொடுத்து மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்ப வாங்கிய கதையை மலையில் ஒரு களத்துமேட்டில் உட்கார்ந்து நீங்கள் சொல்லிப் பாருங்கள். பதிலுக்கு என்ன ரகம் எந்தச் சரிவில் நின்றது, எது போயிற்று என்று மணிக்கணக்கில் கேட்கலாம். மாப்பிள்ளைச் சம்பா விதைநெல் ஒரு கைப்பிடி கொண்டுபோனாலும் தகும். பிஸ்கட் பொட்டலத்தைக் குழந்தைகளுக்கு வாரி இறைப்பதைவிட அது மரியாதையான வரவு.

கால்களைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். டெல்டாக்காரனுக்கு மலை என்றால் சுவாமிமலை, ஏற்றம் என்றால் அதன் 60 படிகள் என்ற கேலியை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் நடைக்கு நாம் புதியவர்கள் அல்லர். வேளாங்கண்ணிக்கும் சமயபுரத்துக்கும் நாள்கணக்கில் நடக்கிறோம். சித்திரையில் திருவையாற்றிலிருந்து பல்லக்கின் பின்னால் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஏழூரும் சுற்றுகிறோம். ஓர் ஊரைக் கடந்து இன்னோர் ஊருக்குள் நடந்து நுழைவது எப்படி என்பது நமக்குத் தெரியும். தெரியாதது இறக்கம். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். இறங்கும்போது உடலின் எடை முழுவதையும் தொடைத் தசைகள் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால், மறுநாள் காலையில்தான் வலி தெரியும். திருச்சி மலைக்கோட்டையின் 400-க்கும் மேற்பட்ட படிகளை ஐப்பசி, கார்த்திகையில் சில தடவை ஏறி, இறங்குவதை வேண்டுமென்றே மெதுவாகச் செய்து பழகுங்கள். புதுச் செருப்போ ஷூவோ வாங்கினால் வயல்வரப்பில் போட்டு நடந்து பழக்கிக்கொண்ட பிறகே மலைக்குப் போக வேண்டும்.

ஊர்களுக்கிடையே நடக்க வழிகாட்டி கட்டாயமில்லை. ஆனாலும் முதல் நாள் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். எது பட்டா நிலம், எங்கே காப்புக்காடு தொடங்குகிறது என்பது உங்கள் கைப்பேசியின் வரைபடத்துக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். டீக்கடையிலோ ஊராட்சி அலுவலகத்திலோ விசாரித்தால் ஆள் கிடைப்பார். அவர் அன்றைக்கு இழக்கும் கூலியைவிடக் குறையாமல் முன்கூட்டியே பேசிக்கொண்டு, சாப்பாட்டையும் அவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். முதல் முறை செம்மேட்டிலோ டாப் செங்காட்டுப்பட்டியிலோ அறை எடுத்துத் தங்குவதே நல்லது. முன்பின் அறியாத வீட்டில் இரவு தங்க இடம் கேட்பது அவர்களைச் சங்கடப்படுத்தும். திட்டம் போடும்போது காலையில் எங்கே தொடங்குவது என்று யோசிக்காதீர்கள். நீங்கள் நடந்து முடிக்கப்போகும் ஊரிலிருந்து கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நடையை அமைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் மலைச்சரிவில் ஐந்தரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும்.

அன்புடன்.