வயிற்றெரிச்சல் யாருடையது?

அன்புள்ள ஐயா,

அப்பா சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். என் பங்கைக் கேட்டதற்கு, “அண்ணன் நல்லா இருக்கிறது பொறுக்காம வயித்தெரிச்சல்ல பேசுறா” என்று அண்ணி உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்கிறார். பொறாமையும் வயிற்றெரிச்சலும் ஒன்றா? எழுதும்போது வயித்தெரிச்சலா, வயிற்றெரிச்சலா? எனக்கு இருப்பது பொறாமைதானோ என்று நினைத்தால் கடுப்பாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டுமென்று கொஞ்ச நாளாகவே மனதில் இருந்தது. எழுத்துக்கூட்டலை விடுங்கள், காற்று பேச்சில் காத்தாகிறது, வயிற்றெரிச்சலும் அப்படித்தான் வயித்தெரிச்சலாகிறது.

“பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினதுல அவனுக்கு வயித்தெரிச்சல்.” இதில் பொறாமை என்று மாற்றிப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். “ஏழை வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே” என்பதில் மாற்றிப் பாருங்கள். பொறாமையைக் கொட்டிக்காதே என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சீட்டுப் பணத்தோடு ஓடியவனை, வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தராதவனைப் பார்த்துச் சொல்வது இந்த இரண்டாவது வயிற்றெரிச்சல். எரிவது பறிகொடுத்தவர் வயிறு. அதைத் தன் தலையில் கொட்டிக்கொள்பவர் பறித்தவர். “என் வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா விடாது” என்பதும் அதுதான். அல்லற்பட்டு ஆற்றாது அழுத கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் படை என்கிற 555ஆம் குறளும் இதையே சொல்கிறது.

முதல் பொருளில் குற்றம் எரிகிறவர்மேல். இரண்டாவதில் எரியவைத்தவர்மேல். உங்கள் அண்ணி இரண்டாவதை எடுத்து முதலாவதாக்கிவிட்டார். பங்கு கேட்கிற பெண்ணுக்கு நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது இது. கணக்குப் பேச வந்தவளை மனசு சரியில்லாதவளாக்கிவிட்டால் கணக்கே பேச வேண்டாம் பாருங்கள்! உயில் இல்லையென்றால் அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. ஆண் வாரிசுகள் குடியிருக்கிற வீட்டைப் பிரிக்கச் சொல்லி மகள் கேட்க முடியாது என்ற தடை மட்டும் இருந்தது. அதுவும் 2005இல் போய்விட்டது. ஊர்ப்பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள்மேலும் எனக்குக் கோபம்தான். பொறாமை அடுத்தவர் பொருளைப் பார்த்து வருவது. உங்கள் பங்கு எப்போது அடுத்தவர் பொருளானது, எதற்காக இந்தச் சந்தேகம்? அதைக் கடுப்பு என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். பஸ் லேட்டானால் வருவது கடுப்பு. உங்களுக்கு இருப்பது இரண்டாவது வயிற்றெரிச்சல், அம்மா. அதற்கு நீங்கள் கூச வேண்டியதே இல்லை.

அண்ணியிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; வீட்டின்மேல் விற்பனை, அடமானம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். “சும்மா ஒரு கையெழுத்துதான்” என்று, உங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதிய விடுதலைப் பத்திரத்தை நீட்டினால், வக்கீல் ஒருவர் வாசிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள். அது பதிவாகிவிட்டால் திரும்பப் பெற வழக்குத்தான் போட வேண்டியிருக்கும்.