காணி உறுதியை வைத்துக் கொள்கலன் இறக்கலாமா?

கேள்வி: வெலிமடையில் அப்பாவின் மரக்கறித் தோட்டம். எங்கள் பாவனைக்குப் பொலித்தீன் கூடாரம் அடிக்கத் தொடங்கி, பிறகு அயல் தோட்டங்களுக்கும் அடித்துக் கொடுத்தோம். இப்போது பொலித்தீன், பூச்சி வலை, ஜீ.ஐ. குழாய், சொட்டுநீர்க் குழாய் என்று மாதம் 30 இலட்சம் ரூபாவுக்கு விற்கிறோம். கொள்முதல் 22 இலட்சம். சரக்கு 20 நாளில் விற்றுவிடும். மொத்த வியாபாரி 30 நாள் தவணை தருகிறார், நாங்கள் தோட்டக்காரருக்கு 45 நாள் கொடுக்கிறோம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக இறக்கினால் தீர்வை, துறைமுகச் செலவு எல்லாம் சேர்த்தும் 15 சதவீதம் மலிவு. கொழும்பில் மாதம் 2 இலட்சத்துக்குக் களஞ்சியம் பேசியாயிற்று. வங்கி 13 சதவீத வட்டிக்குக் காணி உறுதியைக் கேட்கிறது. கொடுக்கலாமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: கொடுக்க வேண்டாம். 15 சதவீதம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது உங்கள் கைக்கு வந்து சேராது.

இப்போது உங்கள் காசு 35 நாள்தான் முடங்குகிறது (20 + 45 − 30), ஏறக்குறைய 26 இலட்சம். இறக்குமதியில் கப்பலேற்றும்போதே முழுப் பணமும் போய்விடும். வந்து சேர 30 நாள், கொள்கலன் அளவுச் சரக்கை விற்க 75 நாள், தவணை 45 நாள், மொத்தம் 150 நாள். மாதக் கொள்முதல் 18.7 இலட்சமாகக் குறைந்தாலும் முடங்குவது 93.5 இலட்சம். மேலதிகமாகத் தேவைப்படும் 68 இலட்சத்துக்கு வருட வட்டி 8.8 இலட்சம், களஞ்சிய வாடகை 24 இலட்சம். வருடத்துக்கு மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் 39.6 இலட்சத்தில் (மாதம் 3.3 இலட்சம்) எஞ்சுவது 6.8 இலட்சம். டொலர் 3 சதவீதம் ஏறினால் அதுவும் இல்லை. 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

வாங்குபவர்கள் மலைநாட்டில் இருக்க, கொழும்பில் களஞ்சியம் எதற்கு? துறைமுகத்தில் எடுத்து நேரே வெலிமடைக்கு லொறியேற்றுங்கள். அந்த 24 இலட்சம் மிஞ்சினால் கணக்கே மாறும். ரோல்களை வெயில் படாமல், படுக்கையாக, எலி ஏறாத இடத்தில் வைத்தால் போதும்.

அளவிலும் கவனம் வேண்டும். 6 மீற்றர் அகல அரைவட்டக் கூடாரத்துக்கு வளைவு மட்டும் 9.4 மீற்றர். இருபுறமும் 30 சென்ரிமீற்றர் மண்ணில் புதைக்க, 10 மீற்றர் அகலத் தாள் வேண்டும். மலிவென்று 8 மீற்றர் ரோல் இறக்கினால் அது உங்கள் களஞ்சியத்திலேயே கிடக்கும்.

உத்தரவாதம்தான் பலர் கணக்கில் எழுதாத செலவு. 200 மைக்ரோன் யூ.வி. (புறஊதாக் கதிரைத் தாங்கும்) தாள் மூன்று வருடத்துக்கு மேல் நிற்க வேண்டியது. சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடிக்கும் கூடாரத்தில் அதற்கு முன்பே நொறுங்கும். வெயிலில் சூடேறும் குழாயில் நேரடியாகப் பட்டால் வளைவுக் கோடு வழியே கிழியும். உள்ளூரில் வாங்கினால் மொத்த வியாபாரியிடம் திரும்பிப் போகலாம், இறக்குமதியில் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். குழாயின் மேற்புறத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தே பொருத்துங்கள். கந்தகம் அடித்தால் உத்தரவாதம் இல்லை என்ற நிபந்தனை, ரோல் இலக்கம், பொருத்திய திகதி மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதுங்கள். விற்பனையில் 3 சதவீதத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள்.

காசு தேவையென்றால் முதலில் தோட்டக்காரரிடம் கேளுங்கள். கட்டளைக்குப் பாதி முற்பணம், பொருத்தி முடிந்ததும் மீதி. இதில் சில வாடிக்கையாளர் கழன்றுபோவார்கள், போகட்டும். வட்டியில்லாத தொழிற்படு மூலதனம் (அன்றாட வியாபாரத்தை ஓட்டும் காசு) வேறெங்கும் கிடைக்காது. பிறகு இன்னொரு விற்பனையாளரோடு பாதிக் கொள்கலன் பங்கிட்டுப் பாருங்கள்.

வியாபாரத்தை 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனிக் கம்பனியாகப் பதியுங்கள். காணி அப்பாவின் பெயரிலேயே இருக்கட்டும். தோட்டத்துக்கு எடுக்கும் பொலித்தீனுக்கும் பற்றுச்சீட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எது இலாபம் தருகிறதென்று தெரியாது. கம்பனிக் கடனுக்கு வங்கி அப்பாவிடம் தனிப்பட்ட உத்தரவாதக் கையொப்பம் கேட்கும். அதைப் போட்டால் கடன் அப்பாவின் சொத்து மீதும் வரும், கம்பனி பதிந்தும் பயனில்லை. சரக்கையும் வரவேண்டிய பணத்தையும் பிணையாக வைத்துக் குறுங்காலக் கடன் தருவார்களா என்று கேளுங்கள். வட்டி ஓரிரு சதவீதம் கூடினாலும் அதையே எடுங்கள்.