பழைய மியாட்டா வைத்திருப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் மாஸ்டா அறிமுகப்படுத்திய இரண்டு இருக்கைக் கார் எம்.எக்ஸ்-5. அமெரிக்காவிலும் கனடாவிலும் அதை மியாட்டா என்றே சொல்கிறார்கள். 1997 வரை வந்த முதல் தலைமுறை, அதாவது மேலெழும் ஹெட்லைட் உள்ள மாடல் பற்றி நண்பர்கள் கேட்டவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

டொராண்டோ: 1990 மாடல், 1.6 லிட்டர் வாங்கியிருக்கிறேன் அண்ணா. கையில் ஆயிரம் டாலர் இருக்கிறது. டர்போவுக்குச் சேர்த்து வை என்கிறான் நண்பன். எதில் தொடங்கலாம்?

டர்போவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய காரில் முதலில் செத்திருப்பது ரப்பர்: பெல்ட், ஹோஸ், புஷ், டயர். அவற்றை மாற்றினாலே மாஸ்டா பொறியாளர்கள் செய்து கொடுத்த கார் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அந்தக் கார் எவ்வளவு நன்றாக ஓடும் என்பது பல பழைய மியாட்டாக்காரர்களுக்கே தெரியாது, ஏனென்றால் தளர்ந்து போனதைத்தான் ஓட்டிப் பழகியிருக்கிறார்கள்.

டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையா? மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆறுதல், இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, வண்டி நடுவழியில் நிற்கும், அவ்வளவுதான். பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்ப், கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். வேலை ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான்.

உங்களுடையது 1990 என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்க் முனை குட்டையானது. போல்ட் சரியாக முறுக்கப்படாமல் இருந்தால் புல்லி நழுவாமல் பிடிக்கும் சாவிப்பள்ளம் தேய்ந்து, கிராங்கே வீணாகும். முன்பக்கப் புல்லியில் நான்கு பள்ளம் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் பிற்பாடு வந்த நீள முனை. எஞ்சினை ஸ்டார்ட் செய்து புல்லியை உற்றுப் பாருங்கள். தள்ளாடாமல் சுழன்றால் நிம்மதி. பெல்ட் மாற்றும் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லி, அந்த போல்ட்டை மாஸ்டா சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கச் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சி: எஞ்சினுக்குப் பின்னால் ஆயில் சொட்டுகிறது. பின் கிராங்க் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

கியர் பாக்ஸில் கை வைக்கும் முன் ஒரு ஓ-ரிங்கை (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றிப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், தடுப்புச் சுவரை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார் (கேம் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கருவி) இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஓ-ரிங் வயதானால் கல்லாக இறுகிவிடும். அங்கிருந்து கசியும் ஆயில் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கியர் பாக்ஸ் கூடு சேருமிடத்தில் சொட்டும். கீழிருந்து பார்த்தால் யாருக்கும் பின் சீல் மாதிரிதான் தெரியும்.

ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட்தான். கழற்றும் முன் சென்சாரும் ஹெட்டும் சேருமிடத்தில் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) மாறும். இடம் குறுகல், கை நுழைவதே சிரமம். எஞ்சின் ஆறிய பிறகு பொறுமையாகச் செய்யுங்கள். பழைய ஓ-ரிங் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும். புதியது இரண்டு மூன்று டாலர். அப்புறம் எஞ்சினைச் சுத்தமாகத் துடைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். இன்னும் சொட்டினால் வால்வு கவர் கேஸ்கெட்டைப் பாருங்கள், பின் சீல் கடைசி.

சிட்னி: ரேடியேட்டர் ஒழுகவில்லை. ஆனாலும் மாற்றச் சொல்கிறார்கள், அவசியமா?

மேல் தொட்டியின் நிறத்தைப் பாருங்கள். புதிதில் கறுப்பாக இருந்த பிளாஸ்டிக் பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தால் அது நொறுங்கத் தயாராகிவிட்டது. வெடிக்கும் வரை காத்திருந்தால் எஞ்சினே சூடேறி ஹெட் வளையும். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

லண்டன்: தாழ்வான ஸ்பிரிங் போட ஆசை. எது நல்லது?

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூ (டயரின் மேல் உள்ள பள்ளம்) எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்து வருடமான டயரில் வளைவுகளை ரசிக்க முடியாது, ஈரச் சாலையில் ஆபத்தும்கூட. கம்பெனி கொடுத்த அளவு 185/60 ஆர்14. 15 அங்குலச் சக்கரத்துக்கு மாறினால் 195/50 பொருந்தும். எடை குறைந்த சக்கரமாகப் பாருங்கள், பெரிய சக்கரம் இந்தக் காருக்குச் சுமை.

அடுத்தது வீல் அலைன்மென்ட். இந்தக் காரின் உண்மையான செல்வம் நான்கு சக்கரத்திலும் உள்ள டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (சக்கரத்தை மேலும் கீழும் இரு கைகள் தாங்கும் அமைப்பு). முன்னால் கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே நோக்கும் கோணம்), பின்னால் கேம்பர், டோ எல்லாவற்றையும் திருத்தலாம். சாலையில் ஓட்ட முன்னால் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின்னால் மைனஸ் 1.5, காஸ்டர் 5 டிகிரி அளவில், முன் டோ பூஜ்யம், பின்னால் கொஞ்சம் உள்நோக்கி. இதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் எடை இருக்கையில் இருக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள். இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு மாற்றம் தரும் வேலை இந்தக் காரில் வேறில்லை. திருத்தும் போல்ட்கள் துருவேறி இறுகியிருக்கலாம், ஒரு வாரம் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

ஸ்பிரிங்? ஷாக் அப்சார்பர் செத்திருந்தால் அதை மாற்றுங்கள், உயரத்தை விட்டுவிடுங்கள். சஸ்பென்ஷன் அசையும் தூரம் இதில் ஏற்கெனவே குறைவு. தாழ்த்தினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷனின் அசைவை நிறுத்தும் ரப்பர் கட்டை) போய் இடிக்கும்.

பர்மிங்ஹாம்: மழை பெய்தால் இருக்கைக்குப் பின்னால் கார்ப்பெட் நனைகிறது. கூரை கிழியவில்லை.

வடிகால் அடைத்திருக்கிறது. துணிக்கூரையிலிருந்து வழியும் நீர் கதவுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள குழாய் வழியாக, பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே இறங்க வேண்டும். இலைத் தூளும் மண்ணும் அதை மூடிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரை மேல் வாயில் மெதுவாக ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள். உடனே கீழே வந்தால் சரி. வராவிட்டால் தடிமனான நைலான் நரம்பை விட்டு மெல்லத் துழாவுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், குழாய் ஓட்டையாகும்.

இதைத் தள்ளிப் போடாதீர்கள் ஐயா. தேங்கும் நீர்தான் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியை உள்ளிருந்து அரிக்கிறது. பின்சக்கரத்துக்கு முன்னால் பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே ஏற்கெனவே துரு. உங்கள் ஊர் எம்.ஓ.டி. எனும் வருடாந்திர வாகனச் சோதனையில் தோற்றுவிடும். பட்டியை (ஓட்டையை அடைக்கும் பூச்சு) அப்பி மறைக்காமல், அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கச் சொல்லுங்கள். இந்தக் கார்களைக் காயலான் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் துருதான்.

கலிஃபோர்னியா: கியர் லீவரைச் சுற்றி அனல் வருகிறது. கியரும் தளர்வாக விழுகிறது.

லீவருக்கு அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்துவிட்டது. மேலே தெரியும் தோலுறைக்குக் கீழே இன்னும் இரண்டு ரப்பர் உறைகள் உண்டு. உள்ளுக்குள் லீவரின் அடிமுனையில் ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கும், அதுவும் தேய்ந்திருக்கும். மூன்றையும் மாற்றி, லீவர் அமரும் குழிக்குள் புது கியர் ஆயில் கொஞ்சம் ஊற்றுங்கள். இந்தக் குழி தனி, கியர் பாக்ஸில் ஆயில் மாற்றினாலும் இங்கே பழையதுதான் கிடக்கும். ஒரு பிற்பகல் வேலை. முடித்துவிட்டு இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குத் தள்ளிப் பாருங்கள், சின்ன அசைவில் டக்கென்று விழும்.

டொராண்டோ: காலையில் எஞ்சின் டிக் டிக் என்கிறது.

ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தில் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) சத்தம். ஆயிலை அடிக்கடி மாற்றுங்கள், பெரும்பாலும் குறையும். பயப்பட ஒன்றுமில்லை.

மெல்பர்ன்: கோல்டு ஏர் இன்டேக் (எஞ்சினுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும் குழாய்) போட்டால் பவர் கூடுமா?

சத்தம் கூடும். அந்தக் காசுக்கு புது பிளக், புது பிளக் வயர் போடுங்கள். அப்புறம் இக்னிஷன் டைமிங்கைச் சரிபாருங்கள். பானட்டுக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டி.இ.என்., ஜி.என்.டி. என்று எழுதிய முனைகள் இரண்டையும் ஒரு வயரால் இணைத்து டைமிங் லைட் பிடித்தால், கம்பெனி அளவு 10 டிகிரி தெரிய வேண்டும். உயர் ஆக்டேன் பெட்ரோல் போடுபவர்கள் 14 வரை நகர்த்துகிறார்கள். கீழ் வேகத்தில் கார் சுறுசுறுப்பாகும். நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) கேட்டால் உடனே பின்னுக்கு வாருங்கள். வயரைக் கழற்ற மறக்க வேண்டாம்.

லண்டன்: ஹேண்ட் பிரேக் எவ்வளவு இழுத்தாலும் பிடிக்கவில்லை. கேபிளை மாற்றலாமா?

கேபிளைத் தொடாதீர்கள். பின் கேலிப்பரின் (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) பின்புறத்தில் ஒரு மூடிபோல்ட் இருக்கும், அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ பொருந்தும் திருகு. சக்கரம் நிற்கும் வரை கடிகாரத் திசையில் திருப்பி, தடையில்லாமல் சுழலும் அளவுக்கு மட்டும் பின்னால் விடுங்கள். கையோடு கேலிப்பர் சறுக்குப் பின்களைத் துடைத்து கிரீஸ் பூசுங்கள். அவை இறுகுவது சகஜம்.

நியூ ஜெர்சி: ஒரு ஹெட்லைட் மட்டும் மேலே எழவில்லை. இரவு வீட்டுக்கு எப்படி வருவது?

விளக்கை எழுப்பும் மோட்டாருக்கான ரிட்ராக்டர் ஃப்யூஸை முதலில் கழற்றுங்கள், இல்லாவிட்டால் திடீரென்று மோட்டார் ஓடி விரல் மாட்டும். பிறகு பானட்டைத் திறந்து, அந்த விளக்கின் மோட்டார் மேலுள்ள ரப்பர் மூடியை எடுங்கள். உள்ளே ஒரு குமிழ் இருக்கும். அதைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தால் விளக்கு எழும். அந்த ஃப்யூஸ் இல்லாமலே விளக்கு எரியும், ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். மறுநாள் மோட்டாருக்குப் போகும் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரை வாங்கும் முன் அதைத் துடைத்துப் போட்டுப் பார்ப்பது நல்லது.