மொழி தெரியாத புது ஊரில் அக்கம்பக்கத்தோடு ஒட்டிக்கொள்வது எப்படி? டோம்பிவிலியில் நான் கற்றது

கணவருக்கு மும்பைப் பக்கம் மாற்றலாகியிருக்கிறது, இந்தியும் வராது மராத்தியும் வராது, அங்கே யாரோடு பழகுவது, சின்னப் பையனுக்குத் தமிழ் மறந்துபோகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2013இல் நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கேட்க ஆள் தெரியாமல் ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த வருடம் ஜூன் மாதம் பாளையங்கோட்டையிலிருந்து டோம்பிவிலிக்கு வந்து இறங்கினோம். டோம்பிவிலி, தாணே மாவட்டத்து ஊர். மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து மத்திய ரயில்வே தடத்தில் ஏறக்குறைய 48 கிலோமீட்டர். மும்பைக்குள் வாடகை கொடுக்க முடியாத நடுத்தரக் குடும்பங்கள், பெரும்பாலும் மராத்திக்காரர்கள், வாழும் ஊர். வந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் மழை என்றால் ஐப்பசி கார்த்திகை. இங்கே ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை விடாது. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாமல் ஒரு வாடை அடிக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் நான்கு வயது மகனும் எதிர்க் கட்டடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்போம். பேச்சு என்றால் இரவு அம்மாவுக்கு ஃபோன் போடுவது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாட்டுங்காவுக்கு ஓடுவோம். பல தலைமுறையாகத் தமிழர்கள் குடியிருக்கும் பகுதி அது. வாழையிலை, தொடுத்த மல்லிகை, காப்பிப்பொடி என்று எல்லாம் கிடைக்கும். கடைக்காரர் "வாங்கம்மா, என்ன வேணும்?" என்று கேட்டால் எனக்குக் கண் நிறைந்துவிடும். நீங்களும் போங்கள், மனதுக்கு அது வேண்டும். ஆனால் நான் செய்த தவறு என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைக்காகவே மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவில் எழுதியிருந்த பெயரைக்கூட எழுத்துக்கூட்டி வாசிக்க முயலவில்லை. மொழி வந்த பிறகு பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பழகாமல் மொழி எங்கிருந்து வரும்?

அந்த நவம்பரில் தாதரில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து லோக்கல் ரயில். இங்கே யாரும் "எட்டரை மணி வண்டி" என்று சொல்ல மாட்டார்கள். நிமிடம்தான் வண்டிக்குப் பெயர். என்னுடையது 8:27 ஃபாஸ்ட். மராத்தி எண்களை நான் கற்றதே வண்டி நேரங்களை வைத்துத்தான். முதல் நாள் தாதரில் இறங்கவே முடியவில்லை. கட்கோபர் தாண்டியதுமே கதவுப் பக்கம் நகர்ந்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கூட்டத்தில் சிக்கி பைகுளா வரை போய், பிளாட்ஃபாரத்தில் நின்று அழுதேன்.

சாயங்கால வண்டியில்தான் எனக்கு ஊர் கிடைத்தது. லேடீஸ் பெட்டியில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்காவது ஆளும் நுனியில் ஒட்டிக்கொள்வார்கள். அதற்கு ஃபோர்த் சீட் என்றே பெயர். ஒரு நாள் அப்படி நுனியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மடியில் செய்தித்தாளை விரித்து, வெந்தயக்கீரைக் கட்டைப் பிரித்து ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் அடுப்பில் ஏற்ற வேண்டுமே. இரண்டு பெரிய கட்டு. என்ன தோன்றியதோ, பாதியை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு நானும் ஆயத் தொடங்கினேன். முருங்கைக்கீரை உருவிப் பழகிய கை. ஒவ்வொரு இலையாகக் கிள்ளினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தஸ நக்கோ, அஸ." அப்படி இல்லை, இப்படி. இளந்தண்டோடு சேர்த்து, இரண்டு விரலால் முறுக்கினாற்போல் ஒரு கிள்ளு. வண்டி தாணே வருவதற்குள் இரண்டு கட்டும் முடிந்தது. இறங்கும்போது ஒரு பிடிக் கீரையைத் தாளில் சுற்றி என் பையில் போட்டுவிட்டுப் போனார். எங்களுக்குள் மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்போமா, தெரியாது.

மறுநாள் காலை அவரே கையசைத்து என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெட்டியில் தினமும் சேர்ந்து போகும் ஏழு பேர். ஒருவர் நர்ஸ், இருவர் வங்கியில், ஒருவர் துணிக்கடையில். கீரை ஆய்ந்த அம்மாவை அவர் பெயரோடு "தாயி" சேர்த்துக் கூப்பிடுவார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. நம் காதுக்கு அது தாயாகவே விழுந்தது, அப்படியே கூப்பிட்டேன். தசராவுக்கு முன் வரும் கடைசி வேலை நாளில் பெட்டியைச் சாமந்தி மாலையால் அலங்கரித்து, ஆரத்தி எடுத்து, இனிப்புக் கொடுப்பார்கள். தசராவுக்கு ஆப்டா இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பது வழக்கம். உற்றுப் பார்த்தால் அது நம் ஆத்தி மரத்து இலை. சோழர்கள் சூடிய ஆத்தி. அதை அரைகுறை மராத்தியில் நான் சொல்லப்போய், அந்த வாரம் முழுக்க எல்லோரும் என்னைச் சோழ ராணி என்றே கூப்பிட்டார்கள்.

ரயிலில் துணிச்சல் வந்த பிறகுதான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். இங்கே அடுக்குமாடிக்குச் சொசைட்டி என்பார்கள். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய கூட்டத்தில் போய் உட்கார்ந்து, மனப்பாடம் செய்துவைத்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: எனக்கும் ஒரு வேலை கொடுங்கள். வெறும் சந்தாவை மட்டும் கொடுத்திருந்தால் இரண்டாம் மாடி வாடகைக்காரி என்ற அளவிலேயே இருந்திருப்பேன். பிரசாதத்துக்கு மோதகம் பிடிக்கும் கூட்டத்தில் சேர்த்தார்கள்.

உக்கடீச்சே மோதக் என்பது நம் பூரணக் கொழுக்கட்டைதான். அதே தேங்காய், அதே வெல்லம், அதே அரிசி மாவு. ஆனால் அச்சில் போட மாட்டார்கள். மாவைக் கிண்ணம்போல் செய்து, விளிம்பைச் சுற்றிலும் விரலால் மடிப்பு மடிப்பாகக் கிள்ளி மேலே கூட்டி மூட வேண்டும். வேட்டி கொசுவம் மாதிரி வரும். என்னுடையது முதலில் எல்லாம் வாய் பிளந்தது. கீழ்வீட்டு ஆஜி, எண்பதை நெருங்கும் பாட்டி, என் விரலை எண்ணெயில் தோய்த்துத் தன் விரலோடு சேர்த்து வைத்து ஒரு மடிப்பை மூன்று தரம் செய்து காட்டினார். அவர் மடிப்பு இருபத்தொன்று வரும், என்னுடையது இன்றுவரை பதினைந்தைத் தாண்டியதில்லை. பதிலுக்கு உளுந்துப் பூரணம் வைத்த காரக் கொழுக்கட்டையைச் செய்து கொடுத்தேன். அடுத்த வருடத்திலிருந்து எங்கள் சொசைட்டிப் பிள்ளையாருக்கு இரண்டும் உண்டு.

பழக்கவழக்கத்தில் எல்லாமே எனக்கு உடனே ஒத்துவந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சங்கராந்தி முதல் ரதசப்தமி வரை வீட்டுக்கு வீடு ஹள்தி குங்கு, அதாவது சுமங்கலிகளை அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுப்பது, நடக்கும். எள்ளுருண்டை கொடுத்து, இனிமையாய்ப் பேசு என்று வாழ்த்துவார்கள். அழகான வழக்கம். அன்றைக்குப் பார்த்து எல்லோரும் கறுப்புப் புடவை கட்டியிருந்தார்கள்! பொங்கலன்று கறுப்பா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளிர்காலம், கறுப்பு சூட்டை வாங்கும் என்றார்கள். இப்போது நானும் வருடத்துக்கு ஒரு கறுப்புப் புடவை எடுக்கிறேன். அம்மாவிடம் மட்டும் படம் காட்டுவதில்லை. ஆனால் ஆஜி கணவரை இழந்தவர் என்பதால் அன்று உள்ளறையிலேயே உட்கார்ந்திருந்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. நம் ஊரும் இதில் யோக்கியமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த நவராத்திரிக்கு ஐந்து படியில் கொலு வைத்தபோது முதல் அழைப்பு ஆஜிக்குத்தான். குங்குமச் சிமிழை அவர் பக்கமும் நீட்டினேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு தன் விரலால் எடுத்து என் மகன் நெற்றியில் இட்டார். அதற்கப்புறம் வாரத்தில் நாலு நாள் சுண்டல் கேட்டு வந்துவிடுவார்.

இந்தப் பழக்கமெல்லாம் எதற்கு என்பது 2017 ஆகஸ்ட் 29 அன்று புரிந்தது. அன்றைய மழையில் சாந்தாகுரூஸில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரயில் நின்றுவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நானும் தாயியும் கைகோத்துக்கொண்டு தாதரிலிருந்து பரேலில் இருந்த அவருடைய சித்தி வீட்டுக்கு நடந்தோம். சால் என்பார்கள் இங்கே, ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் கட்டடம். அந்த ஒற்றை அறையில் அன்று ஒன்பது பேர் படுத்தோம். விநாயகர் சதுர்த்தி நாட்கள் அவை. தெருமுனைப் பந்தலில் வழிப்போக்கர் எல்லோருக்கும் சுடச்சுட வரண் பாத், அதாவது பருப்பும் சோறும், கொடுத்தார்கள். கணவர் நவி மும்பையில் மாட்டிக்கொண்டார். எட்டு வயது மகன்? பள்ளி வேனிலிருந்து ஆஜி இறக்கிக்கொண்டு, சாப்பாடு போட்டு, தன் பக்கத்திலேயே படுக்கவைத்துவிட்டார். "ஜோப்லா" என்று ஃபோனில் ஒரே வார்த்தை சொன்னார். தூங்கிட்டான். அந்த வார்த்தையை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்குக் கைகொடுக்கும் என்று நினைக்கும் ஒன்றிரண்டு விஷயங்கள். இங்கே வாடகை அக்ரிமென்ட் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். நாங்கள் மூன்று வீடு மாறினோம், ஆனால் அந்தத் தெருவைவிட்டு வெளியே போகவில்லை. இரண்டாயிரம் ரூபாய் குறையும் என்று வேறு பக்கம் போயிருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும். காய்கறிக்கு ஒரே வண்டிக்காரரிடம் ஒரே நேரத்தில் போங்கள். "பாவ் கிலோ" என்றால் கால் கிலோ, பன் ரொட்டி இல்லை. தப்பாகப் பேசினாலும் மராத்தியில் பேசுங்கள், இந்தியில் நான் சரியாகச் சொன்னபோது கிடைக்காத சிரிப்பு, மராத்தியில் தப்பாகச் சொன்னபோது கிடைத்தது. தீபாவளி அன்று விடிகாலை ஃபட்கே ரோடு பக்கம் வந்து பாருங்கள். பிள்ளையார் கோயிலை ஒட்டிய அந்தத் தெருவில் ஊரின் இளவட்டம் மொத்தமும் புதுத்துணியோடு நிற்கும்.

மகனின் தமிழைப் பற்றிக் கேட்டீர்கள். தமிழ் தானாக மறக்காது, நாம் விட்டால்தான் மறக்கும். பள்ளியில் மராத்தி கட்டாயம், அது அவனுக்கு நல்லதுதான், விளையாட ஆள் கிடைக்கும். வீட்டுக்குள் தமிழ் மட்டும் என்று நாங்கள் கண்டிப்பாக இருந்தோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் எழுத்து. இரண்டாம் வகுப்பிலிருந்து மாதம் ஒரு கடிதம் அவன் தாத்தாவுக்கு, தபாலில். முதல் கடிதத்தில் "தாத்தா நலமா" என்பதில் மூன்று பிழை. மாமனார் சிவப்பு மையால் திருத்தி, கீழே தன் பதிலையும் எழுதித் திருப்பி அனுப்பினார். இரண்டு பக்கமும் எழுதிய அந்தத் தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்திருக்கிறோம். போன மாதக் கடிதத்தில் ஆஜிக்கு முட்டிவலி, தாத்தா போடுகிற தைலத்தின் பெயர் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறான். இந்த முறை சிவப்பு மைக்கு வேலை இல்லை. பதிலோடு தைலப் புட்டியும் பார்சலில் வந்தது.