தொப்பை உள்ள சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படுமா?

உடல் எடை அளவோடு இருந்தும் வயிறு மட்டும் பருத்திருக்கும் சர்க்கரை நோயாளி, சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள், வேண்டும். குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் உட்கொழுப்பு, இன்சுலினின் செயலை மந்தமாக்கி இரத்த அழுத்தத்தையும் உயர்த்துவதால், மிகுந்த சர்க்கரையால் ஏற்கெனவே கூடுதல் சுமையோடு இயங்கும் சிறுநீரக வடிகட்டிகள் நாளடைவில் தழும்பேறி, ஆல்புமின் என்னும் புரதத்தைச் சிறுநீரில் கசியவிடுகின்றன. தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. மட்டுமே. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் தசைக் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் சரியாக இருக்கிறதென்று பலர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் சிறுநீரகத் திறனில் ஏறத்தாழப் பாதி குறையும்வரைகூட அந்த அளவு இயல்பாகவே தோன்றலாம். ஆகவே சிறுநீரில் ஆல்புமின், கிரியேட்டினின் விகிதத்தை ஆண்டுக்கொரு முறையேனும் பரிசோதியுங்கள். அது கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தொட்டால், காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ இல்லாத நாளில் மீண்டும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.