வியாசர்பாடி முகவரியும் முதல் செமஸ்டர் கணிதமும்

அம்மா, வணக்கம்.

மகனுக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சிவில் கிடைத்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, முகவரி பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வியாசர்பாடி என்றாலே சாதியைக் கணக்குப் போட்டுவிடுவார்களாம். அதனால் பெரம்பூர் மாமா வீட்டு முகவரியைத்தான் கொடுப்பேன் என்று தம்பி அடம்பிடிக்கிறானாம்.

அவன் பயம் வெறும் பிரமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. கருப்பினத்தவர் பெயர்களைவிட வெள்ளையர் பெயர்களுக்கு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. இந்தியத் தனியார் நிறுவனங்களிடம் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் இதே முறையில் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்திருந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். அந்த வேலையைத் தெருப் பெயர் பார்த்துக்கொள்கிறது.

ஆனாலும் கல்லூரி ஆவணங்களில் உண்மை முகவரியே இருக்கட்டும். சாதிச் சான்றிதழில் ஒன்று, சேர்க்கைப் படிவத்தில் ஒன்று என்றிருந்தால் உதவித்தொகைக்கு நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். வேலைக்கு அனுப்பும் பயோடேட்டா வேறு விஷயம். அதில் தெருப் பெயரும் அப்பாவின் தொழிலும் எதற்கு? பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், சென்னை என்றிருந்தால் போதும். நேர்முகத் தேர்வில் குடும்பப் பின்னணியைக் கேட்டால், "எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி" என்று சொல்லிவிட்டு, தான் செய்த புராஜெக்டுக்குப் பேச்சைத் திருப்பட்டும்.

என் கவலை வேறு. "யாரிடமும் போய் நிற்க மாட்டான், தானே படித்துக்கொள்வான்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துத்தான் பயந்தேன்.

1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், நன்றாகப் படித்து வந்த கருப்பின மாணவர்கள் கால்குலஸ் என்ற கணிதப் பாடத்தில் ஏன் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். சோம்பேறித்தனம், வீட்டுச் சூழல் என்று மற்றவர்கள் சொன்ன காரணங்கள் எடுபடவில்லை. அவர்கள் கடுமையாகத்தான் உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக. சீன மாணவர்களோ தனியே படித்த பிறகு ஒன்றாக உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் தவறை மற்றவர் திருத்தினார்கள், கேள்வித்தாள் எப்படி வரும் என்பதையும் பேசிக்கொண்டார்கள். டிரைஸ்மன் கருப்பின மாணவர்களைக் குழுவாக உட்காரவைத்தார். பின்தங்கியவர்களுக்கான இரக்க வகுப்பாக அதை நடத்தவில்லை. கடினமான கணக்குகளாகவே கொடுத்தார். மதிப்பெண்கள் ஏறின.

முதல் செமஸ்டரில் தம்பிக்கு நடக்கக்கூடியதும் இதுதான். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் அரைகுறையாகப் புரியும். கேட்டால் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்வான். நவம்பரில் கணிதத்தில் தோற்று அரியர் விழும். பிறகு அரியர் இருப்பவர்களை வளாக நேர்காணலில் உட்கார விடாத நிறுவனங்கள் நிறைய. அங்கே சாதி கேட்காமலேயே கதவு சாத்தப்பட்டுவிடும். ஆகவே முதல் மாதத்திலேயே மூன்று நான்கு பேர் சேர்ந்து கணக்குப் போடட்டும். குழுவில் தமிழ் வழியில் படித்தவன் ஒருவனாவது இருக்கட்டும், ஆங்கில வழியில் படித்தவனும் கட்டாயம் இருக்கட்டும்.

உள்ளே ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அதே கிண்டியில் ஒரு கதை உண்டு. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா 1943இல் அங்கே மின்பொறியியல் முடித்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், கையில் குழந்தை. துணிச்சல்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவருடைய அப்பா அந்தக் கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். முதல்வரிடம் பேசி வழி செய்தவர் அவர். தம்பிக்கு அப்படி ஓர் அப்பா இல்லை. எனவே அவன் துறையிலேயே, அவனைப் போல அரசுப் பள்ளியிலிருந்து வந்த மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். எந்தப் பேராசிரியரிடம் தயங்காமல் போகலாம் என்பதெல்லாம் எந்த அறிவிப்புப் பலகையிலும் இருக்காது.

பணத்துக்கு நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கலங்க வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்ததால் கல்விக் கட்டணம் அரசின் பொறுப்பு. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

யாராவது சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினால், "விடுடா, படிப்பைப் பார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தேதி, இடம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதிவைக்கட்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் புகாரை யார் கவனிக்கிறார்கள் என்பதைச் சேர்க்கை நாளிலேயே அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. சிவில் படிப்பவனுக்குப் பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை என்று டி.என்.பி.எஸ்.சி. வழியே போகும் பாதை உண்டு. மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் சிலவற்றுக்கு கேட் (GATE) என்ற தேசிய அளவிலான பொறியியல் தேர்வின் மதிப்பெண் உதவும். கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். இப்போதே அதைச் சொல்லி அவனை மிரட்டிவிடாதீர்கள்.